எதிரொளித்த வெயிலை மென்பொருளில் கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பெரும்பாலும் ரேடியன்ஸ் என்ற ஒளிக்கணக்கு மென்பொருளை வைத்தே பேசுகிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கிரெக் வார்டு உருவாக்கியது அது. ஹனிபீ, கிளைமேட்ஸ்டூடியோ போன்றவற்றின் பகலொளிக் கணக்குக்கும் அடியில் ஓடுவது அதுதான் என்பதால், பதில்கள் அங்கேயும் பொருந்தும். கட்டளைகளையும் அளவுருக்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம்.

எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் சூரியன் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அந்தக் கண்ணாடியில் பட்டுத் தெருவில் விழவேண்டிய வெயில் திட்டைக் காணோம். ஏன்?

இந்தத் துறையில் முதலில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. ரேடியன்ஸ் கதிர்களைக் கண்ணிலிருந்து பின்னோக்கி அனுப்புகிறது. கேமராவிலிருந்து புறப்பட்ட கதிர் கண்ணாடியில் பட்டு, திரும்பி, சூரியனைத் தொட்டால் படத்தில் சூரியன் தெரிந்துவிடும். அது எளிது.

தெருவில் உள்ள ஒரு புள்ளியின் நிலைமை வேறு. அங்கிருந்து சூரியனை நோக்கி நேராக ஒரு சோதனைக் கதிர் போகும்; அது நேரடி வெயிலுக்கான கணக்கு. மற்ற திசைகளிலிருந்து வரும் ஒளிக்குச் சில ஆயிரம் கதிர்களைச் சிதறவிட்டுத் தேடும். சூரியனின் அகலம் வானத்தில் 0.53 டிகிரிதான், அரைக்கோளத்தின் பரப்பில் ஏறக்குறைய 90,000-இல் ஒரு பங்கு. அதில் கதிர் தற்செயலாகப் போய் விழாது. அப்படியே விழுந்தாலும், சிதறல் கதிர் ஒளிமூலத்தைத் தொட்டால் ரேடியன்ஸ் அதைக் கணக்கில் சேர்க்காது. நேரடிக் கணக்கில் ஒருமுறை எண்ணியதை இருமுறை எண்ணக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது. ஆகவே ‘கிளாஸ்’ என்று மெட்டீரியல் கொடுத்த முகப்பு, வெயிலைத் தெருவுக்குத் திருப்பவே திருப்பாது. ஏபி (சிதறல் ஒளி எத்தனை முறை துள்ளலாம்), ஏடி (எத்தனை சிதறல் கதிர்கள்) அளவுருக்களை எவ்வளவு ஏற்றினாலும் நேரம்தான் வீணாகும்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

‘எதிரொளித்த வெயில்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. உங்களுடையது எது என்று முதலில் பிரித்துவிடுங்கள். அளவுருக்கள் அதற்குப் பிறகு.

முதல் வகை, சுண்ணாம்புச் சுவர், சிமென்ட் தரை, வெள்ளைக் கூரை போன்ற மங்கல் பரப்பில் பட்டுச் சிதறும் வெயில். இதற்கு வழக்கமான சிதறல் கணக்கே போதும். இரண்டாவது, தட்டையான கண்ணாடியிலோ பாலிஷ் செய்த தகட்டிலோ பட்டு அப்படியே திரும்பும் வெயில். இதற்கு ‘மிரர்’ மெட்டீரியல் வேண்டும். மூன்றாவது, வளைந்த முகப்பு, சற்றே சொரசொரப்பான உலோகம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து குவிந்தோ நெளிந்தோ வரும் வெயில். இதற்கு ஃபோட்டான் மேப் (சூரியனிலிருந்து ஒளித்துகள்களை அனுப்பும் முறை, கீழே வருகிறது), அல்லது தனியான முன்னோக்குக் கதிர்க் கணக்கு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன.

ரேடியோசிட்டி முறையில் ஓடும் மென்பொருளில் இதைச் செய்ய முடியாதா?

முதல் வகையை நன்றாகவே செய்யலாம். ரேடியோசிட்டி எல்லாப் பரப்பையும் மங்கல் பரப்பாக, பட்ட ஒளியை எல்லாத் திசைக்கும் சிதறடிப்பதாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அதன் மேல் ஒரு கதிர்த்தட ரெண்டர் ஓட்டினால் படத்தில் பளபளப்பு வரும். லக்ஸ் (வெளிச்ச அளவு) எண்கள் மாறாது. அழகான படத்தைக் காட்டி எண்ணையும் நம்பவைக்கும் அறிக்கைகளில் இந்த ஓட்டை அடிக்கடி இருக்கிறது.

‘மிரர்’ எப்படி வேலை செய்கிறது? கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

மிரர் பரப்பு ஒன்றைக் கண்டதும் ரேடியன்ஸ் அதற்குப் பின்னால் ஒரு போலிச் சூரியனை உருவாக்கிக்கொள்கிறது. அதன்பின் தெருப் புள்ளியிலிருந்து அந்தப் போலிச் சூரியனை நோக்கியும் நேரான சோதனைக் கதிர் போகும். அதனால் திட்டின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக வரும், புள்ளிப்புள்ளியான இரைச்சல் இருக்காது.

தமிழில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் ஒரே சொல் என்பதால் இங்கே ஒரு குழப்பம் வரும். ஜன்னல் கண்ணாடியை மிரர் என்று குறித்தால் அறைக்குள் வெளிச்சம் போகாதே? அதற்காகத்தான் மிரருக்கு மாற்று மெட்டீரியல் ஒன்றைக் கொடுக்க இடம் இருக்கிறது. மாற்றாக ‘கிளாஸ்’ வகையைக் கொடுங்கள். போலிச் சூரியனைக் கணக்கிடும்போது மட்டும் அது மிரராக நடக்கும்; மற்றக் கதிர்களுக்குச் சாதாரணக் கண்ணாடி.

தவறும் இடங்கள் இவை:

- மிரர் தட்டையான பலகோணத்திலும் வளையத்திலும் மட்டுமே வேலை செய்யும்.
- முன்பக்கம் மட்டுமே எதிரொளிக்கும், பின்பக்கம் கறுப்பு. திட்டு வரவில்லையென்றால் பரப்பின் திசை தலைகீழாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.
- டிஆர் அளவுரு 0 என்றால் போலிச் சூரியனே பிறக்காது. ஒருமுறை எதிரொளிக்க 1, எதிரெதிர் முகப்புகளுக்கிடையே 2.
- ஒவ்வொரு மிரர் பலகோணமும் ஒரு போலிச் சூரியன். ஒரே தளத்தில் உள்ள 2,000 கண்ணாடிகளைத் தனித்தனியாக வரைந்தால் கணக்கு ஊதிப்பெருகி நின்றுவிடும். முழு முகப்பையும் ஒரே பலகோணமாக்கி, சட்டங்களை ஒளிபுகாப் பட்டைகளாக அதன் முன்னால் வையுங்கள்.

எதிரொளிப்பு எத்தனை சதவீதம் என்று கொடுப்பது?

கண்ணாடித் தயாரிப்பாளர் தரும் எண் நேர்க்குத்தாக விழும் ஒளிக்கானது. பூச்சில்லாத ஒற்றைக் கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 8. வெயில் சாய்ந்து விழ விழ அது ஏறும்: கண்ணாடிக்கு நேர்க்குத்தான கோட்டிலிருந்து 60 டிகிரியில் ஏறக்குறைய 16, 80 டிகிரியில் 54 சதவீதம் வரை. வெயில் தடுக்கும் பூச்சு போட்ட கண்ணாடி நேர்க்குத்திலேயே 20, 30 என்று இருக்கக்கூடும்.

மிரருக்கு இந்தக் கோண மாற்றம் தெரியாது, கொடுத்த எண்ணையே பிடித்துக்கொள்ளும். எனவே ஒவ்வொரு நேரத்துக்கும் விழுகோணத்தைத் தனியாகக் கணக்கிட்டு எண்ணை மாற்ற வேண்டும். செங்குத்துச் சுவருக்குச் சூத்திரம் எளிது: சூரிய உயரக் கோணத்தின் கொசைனை, சுவரின் திசைக்கும் சூரியனின் திசைக்கும் உள்ள வித்தியாசத்தின் கொசைனால் பெருக்குங்கள், கிடைப்பது விழுகோணத்தின் கொசைன். உயரம் 60, திசை வித்தியாசம் 60 என்றால் பெருக்கல் 0.25, விழுகோணம் 75 டிகிரிக்கு மேல். ‘8 சதவீதம்தானே’ என்று விட்டிருந்தால் பலமடங்கு குறைத்து எண்ணியிருப்பீர்கள்.

‘கிளாஸ்’ மெட்டீரியலில் இன்னொரு பொறி இருக்கிறது. அது கேட்பது மொத்த ஒளி ஊடுருவல் அல்ல, கண்ணாடியின் உட்பொருளுக்குள் கடக்கும் பங்கு. ஊடுருவல் 0.88 என்றால் கொடுக்கவேண்டியது 0.96. ஏறக்குறைய 1.09-ஆல் பெருக்குங்கள்.

வளைந்த முகப்புக்கு என்ன செய்வது?

இது விளையாட்டான விஷயம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் 2003-இல் திறந்த வால்ட் டிஸ்னி இசையரங்கின் சில பகுதிகளில் உட்குழிந்த பாலிஷ் எஃகுத் தகடுகள் இருந்தன. எதிர்வீட்டுக்காரர்களுக்குக் கண்கூச்சம், நடைபாதையில் அனல். 2005-இல் அந்தத் தகடுகளைத் தேய்த்து மங்கலாக்கினார்கள். லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருவில் உள்ள 160 மீட்டர் கோபுரத்தின் தெற்கு முகம் உட்குழிந்தது. 2013 கோடை முடிவில் கீழே நிறுத்தியிருந்த ஒரு ஜாகுவார் காரின் பாகங்கள் உருகிப்போயின. அடுத்த ஆண்டு முகப்பில் கிடைமட்டத் தடுப்புப் பட்டைகள் பொருத்தினார்கள். லண்டனில் அந்தப் பருவத்து நண்பகல் சூரியன் 45 டிகிரி அருகே நிற்கும். 160 மீட்டர் உயரத்தில் பட்ட கதிர் அதே 160 மீட்டர் தொலைவில் தரைதொடும். எதிரொளி தெருவரை எட்டியதற்குக் கணக்கு அவ்வளவுதான்.

முதலில் பென்சிலால் பாருங்கள். வட்ட வில் போன்ற உட்குழிவின் ஆரம் 100 மீட்டர் என்றால் கதிர்கள் குவியும் இடம் அதில் பாதி, ஏறக்குறைய 50 மீட்டர். அந்தத் தொலைவில் நடைபாதையோ பால்கனியோ இருந்தால் மட்டும் மென்பொருளைத் திறங்கள்.

அடுத்தது மெஷ், அதாவது வளைவைச் சிறு தட்டை முகங்களாகப் பிரிப்பது. பரப்பு அரை டிகிரி திரும்பினால் எதிரொளித்த கதிர் ஒரு டிகிரி திரும்பும். எனவே வழுவழுப்பான வளைவை மெஷ் ஆக்கும்போது பக்கத்துப் பக்கத்து முகங்களுக்கிடையே கோணம் 0.25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் கதிர்களின் விலகல் சூரியனின் அகலத்துக்குள் அடங்கும். 100 மீட்டர் ஆரத்தில் அது 44 செ.மீ. அகலம். மாடலிங் மென்பொருள் தானாக இடும் 3 மீட்டர் மெஷ், தரையில் இல்லாத பட்டைகளை வரைந்து காட்டும்.

ஆனால் உண்மையிலேயே முகப்பு 1.5 மீட்டர் தட்டைக் கண்ணாடிகளால் ஆனது என்றால் அதை வழுவழுப்பாக்காதீர்கள். கட்டப்போவது எப்படியோ அப்படியே தட்டையாக வரையுங்கள். அந்தப் பட்டைகள் அங்கே நிஜம்.

ஃபோட்டான் மேப் ஓட்டுவதற்கு என்ன படிகள்?

ரோலண்ட் ஷ்ரெக்லே எழுதிய இந்தப் பகுதி, ரேடியன்ஸ் 5.0 முதல் மூல மென்பொருளோடே வருகிறது. சூரியனிலிருந்து முன்னோக்கி ஒளித்துகள்களை அனுப்பி, அவை விழுந்த இடங்களைச் சேமித்து, பிறகு ரெண்டர் செய்யும்போது அருகில் எத்தனை விழுந்தன என்று எண்ணும்.

1. ஆக்ட்ரீ கோப்பை (மாடல் முழுவதையும் தொகுத்த கோப்பு) வழக்கம்போல் தயாரியுங்கள். வளைந்த முகப்புக்கு உலோகமோ கிளாஸோ கொடுங்கள், மிரர் வேண்டாம். ஒரே ஒளிக்கு இரண்டு வழிகளையும் கலக்காதீர்கள்.
2. ஃபோட்டான் மேப்பை உருவாக்கும் எம்கேபிமேப் கட்டளையில் ஏபிஜி மூலம் பொது மேப், ஏபிசி மூலம் குவியொளி மேப். முதல் சோதனைக்குக் குவியொளிக்கு 2 லட்சம் ஃபோட்டான், இறுதிக்கு 10 லட்சம் அல்லது அதற்கு மேல்.
3. படம் வரையும் ஆர்பிக்ட் அல்லது புள்ளிகளை அளக்கும் ஆர்ட்ரேஸில் -ap அளவுருவால் (மேலே சொன்ன ஏபி என்பது -ab, அது வேறு) இரண்டு கோப்புகளையும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஃபோட்டான்களை ஒரு புள்ளிக்கு எண்ணுவது என்றும் கொடுங்கள். 50-இல் தொடங்கலாம்.

அந்த 50 என்ற எண்ணில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. கூட்டினால் திட்டு மழுங்கி, உச்ச லக்ஸ் குறைந்துபோகும். குறைத்தால் மணல் தூவியதுபோல் இரைச்சல். எண்ணை இரட்டிப்பாக்கியும் பாதியாக்கியும் பாருங்கள். உச்சம் பெரிதாக மாறினால் ஃபோட்டான்கள் போதவில்லை.

ஃபோட்டான்கள் எங்கே போயின என்று தேடுபவர்கள் தரையைப் பாருங்கள். அவை காட்சி முழுவதன் மேலும் சமமாகப் பொழியும். 40 மீட்டர்க் கட்டடத்துக்குக் கீழே அழகுக்காக ஒரு கிலோமீட்டர் தரையை விரித்திருந்தால் கட்டடத்துக்குக் கிடைப்பது 1,000-இல் 1 அல்லது 2 பங்கு. தரையைத் தேவையான அளவுக்கு வெட்டுங்கள். உள் அறைகளுக்குப் பயன்படும் ஃபோட்டான் போர்ட் (ஃபோட்டான்கள் நுழையும் வாயிலாகக் குறித்த பரப்பு) இங்கே உதவாது: போர்ட் ஜன்னலில் இருந்தால் சூரியனிலிருந்து நேராக வருவதே உள்ளே நுழையும், எதிர்க் கட்டடத்தில் பட்டு வருவது தவறிப்போகும்.

சூரியன் தவறான இடத்தில் நிற்கிறது.

சூரியனையும் வானத்தையும் உருவாக்கும் ஜென்ஸ்கை கட்டளையில் தீர்க்கரேகைக்கு மேற்குத்தான் கூட்டல் குறி. சென்னைக்கு (மாதம், நாள், மணி, பிறகு -ஏ அட்சரேகை, -ஓ தீர்க்கரேகை, -எம் நேர மண்டலத்தின் தீர்க்கரேகை) இப்படி: ஜென்ஸ்கை 4 15 9 +எஸ் -ஏ 13.08 -ஓ -80.27 -எம் -82.5. -ஓ, -எம் எண்களின் கழித்தல் குறிகளில் ஒன்றை மட்டும் மறந்தால் பகல் இரவாகிவிடும், உடனே தெரியும். இரண்டையும் மறந்தால்தான் ஆபத்து: சூரியன் வெறும் 18 நிமிடம்தான் தள்ளி நிற்கும், படம் சரியாகவே தோன்றும். எதிரொளித்த திட்டு 100 மீட்டர் தொலைவில் 8 மீட்டர் வரை நகர்ந்திருக்கும். சிங்கப்பூருக்கு (-ஓ -103.8 -எம் -120) அதே தவறு 2 மணி நேரத்துக்கு மேல். இடமே தராவிட்டால் கலிஃபோர்னியா சூரியன் வரும். கோடைக்கால நேரம் பின்பற்றும் ஊர்களில் ஒரு மணி நேரத்தைக் கழித்துக் கொடுங்கள்.

மாடலில் ஒய் அச்சு வடக்கு, எக்ஸ் அச்சு கிழக்கு. வானிலைக் கோப்பிலிருந்து எண் எடுத்து ஜென்டேலிட் கட்டளையில் (அளந்த வெயிலிலிருந்து வானத்தை உருவாக்குவது) இடுபவர்கள், அந்தக் கோப்பின் ‘15-ஆம் மணி’ என்பது பிற்பகல் 2 முதல் 3 வரையிலான சராசரி என்பதை நினைவில் வைத்து, சூரியனை 14.5-க்கு நிறுத்துங்கள்.

எந்த நாள்கள், எந்த நேரங்களை எடுப்பது? ஜூன், செப்டம்பர், டிசம்பர் 21 போதாதா?

நிழல் ஆய்வுக்குப் போதும். எதிரொளிப்புக்குப் போதாது. சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி வரை நகர்கிறது. 100 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 26 மீட்டர். ஒரு மணி நேர இடைவெளியில் ஓட்டினால் குவிந்த திட்டு இரண்டு படங்களுக்கு நடுவே புகுந்து போய்விடும். 10 நிமிடத்துக்கு ஒன்று, மாதத்துக்கு 3 நாள் என்று வெறும் வடிவக் கணக்கை முதலில் ஓட்டுங்கள். லேடிபக் மென்பொருளில் கதிரைத் துள்ளவிடும் கருவி இதற்குப் போதும், நொடிகளில் முடியும். எந்த நேரத்தில் கதிர் முக்கிய இடத்தைத் தொடுகிறதோ அந்த நேரங்களுக்கு மட்டும் முழு ரெண்டர்.

தமிழ்நாட்டில் வேலை செய்பவர்கள் லண்டன் பழக்கத்தைக் கொண்டுவர வேண்டாம். செங்குத்துக் கண்ணாடியில் பட்ட கதிர், சூரியன் நிற்கும் அதே கோணத்தில் கீழிறங்கும். சென்னை நண்பகலில் 77 டிகிரி என்றால் 60 மீட்டர் கட்டடத்தின் எதிரொளி 14 மீட்டரைத் தாண்டாது. மாலையில் சூரியன் 20 டிகிரிக்கு இறங்கினால் 165 மீட்டர் பாயும். தொல்லை காலையிலும் மாலையிலும்தான். அதோடு, ஏப்ரல் நான்காம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சென்னையில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. ‘வடக்கு முகத்துக்கு வெயிலே இல்லை’ என்று அந்த முகப்பை விட்டுவிடாதீர்கள்.

கணக்கு சரியா என்று எப்படிச் சோதிப்பது?

பெரிய மாடலுக்கு முன் ஒரு பொம்மை மாடல். தெற்குப் பார்த்த 1 மீட்டர் சதுர மிரர், அடிவிளிம்பு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், எதிரொளிப்பு 0.9. சூரியன் நேர் தெற்கே 45 டிகிரியில், கதிருக்கு நேர்க்குத்தாக அளந்த வெயில் 80,000 லக்ஸ். திட்டு சுவரிலிருந்து 1 முதல் 2 மீட்டருக்குள் விழ வேண்டும். அதற்குள் எதிரொளியின் பங்கு 80,000 × 0.9 × 0.707, அதாவது ஏறக்குறைய 50,900 லக்ஸ். நேரடி வெயிலின் 56,600-ம் வானொளியும் தனி. திட்டுக்கு உள்ளும் வெளியும் அளந்து கழித்துப் பாருங்கள். ரேடியன்ஸின் எண்களை லக்ஸாக்க 179-ஆல் பெருக்க வேண்டும் என்பதை மறந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

வெள்ளைச் சுவரில் பட்டு அறைக்குள் வரும் வெளிச்சம் திட்டுத்திட்டாக, கறை படிந்ததுபோல் வருகிறது.

இது முதல் வகை. 80,000 லக்ஸ் வெயில்படும் 60 சதவீத எதிரொளிப்புச் சுவர் சதுர மீட்டருக்கு 15,000 கேண்டெலா ஒளிர்கிறது. எதிரே இருக்கும் ஜன்னலுக்கு அதுவே விளக்கு. அந்த வெயில்பட்ட பகுதி சிறியதாக இருந்தால் சிதறல் கதிர்களில் சில படும், சில தவறும், அதுதான் கறை. ஏடி 4096, ஏஎஸ் (கூடுதல் கதிர்கள்) அதில் பாதி, ஏஏ (அனுமதிக்கும் பிழை) 0.1, ஏபி 5 என்று வையுங்கள். சென்சார் புள்ளிகள் மட்டும் என்றால் ஏஏ 0.

இங்கேயும் தரை வில்லன். சிதறல் கணக்கின் மிகச் சிறிய இடைவெளி, காட்சியின் மொத்த அளவை ஏஏ-ஆல் பெருக்கி ஏஆர்-ஆல் (நுணுக்க அளவு) வகுத்தது. 2 கிலோமீட்டர் தரை, ஏஏ 0.1, ஏஆர் 32 என்றால் அது 6.25 மீட்டர், உங்கள் அறையைவிடப் பெரிது. பளபளக்கும் டைல்ஸ் தரை இருந்தால் எஸ்டி அளவுருவை (பளபளப்பைப் புறக்கணிக்கும் எல்லை) 0 ஆக்குங்கள், இல்லையேல் 4 சதவீதப் பளபளப்பை அது தவிர்த்துவிடலாம்.

கண்கூச்சத்தை எந்த எண்ணால் சொல்வது?

அலுவலக மேசைக்கு டிஜிபி (பகலொளிக் கண்கூச்சக் குறியீடு): 0.35-க்குக் கீழே உணரமுடியாதது, 0.45-க்கு மேல் பொறுக்கமுடியாதது. அதைக் கணக்கிடும் எவால்கிளேருக்கு 180 டிகிரி மீன்கண் படம் வேண்டும். 1,000 பிக்சல் அகலத்தில் சூரியன் 3 பிக்சல்தான், அதற்கும் குறைத்தால் சிறிய பளீர் காணாமல் போகும்.

ஓட்டுநருக்கு டிஜிபி பொருந்தாது. அங்கே கண்ணுக்குள் பரவும் மூடுபனி போன்ற ஒளிர்வைக் கணக்கிடுவார்கள்: கண்ணில் விழும் லக்ஸை 10-ஆல் பெருக்கி, பார்வைக்கோட்டிலிருந்து விலகிய கோணத்தின் வர்க்கத்தால் வகுப்பது. ஆஸ்திரேலிய ஆலோசகர்கள் ச.மீ.க்கு 500 கேண்டெலாவை எல்லையாக வைக்கிறார்கள். 10 சதவீதம் எதிரொளிக்கும் கண்ணாடியிலிருந்து 8,000 லக்ஸ் கண்ணில் விழுந்தால், ஓட்டுநர் பார்க்கும் திசையிலிருந்து 12.6 டிகிரிக்குள் அது இருந்தாலே எல்லை மீறும். சிட்னியும் சிங்கப்பூரும் முகப்புக் கண்ணாடிக்கு 20 சதவீத எதிரொளிப்பு வரம்பு வைத்திருக்கின்றன. அந்த 20-ஐத் தாண்டாத கண்ணாடியும் மாலை வெயிலில் என்ன செய்யும் என்பதற்கு மேலுள்ள சாய்கோணக் கணக்கைப் பாருங்கள்.

ஆண்டு முழுவதுக்குமான கிளெம்ஸ் பிஎஸ்டிஎஃப் கணக்கில் இது தானாக வந்துவிடாதா?

வராது. பிஎஸ்டிஎஃப் என்பது கண்ணாடி எந்தத் திசை ஒளியை எங்கே அனுப்புகிறது என்ற அட்டவணை; அதன் கிளெம்ஸ் வடிவம் அரைக்கோளத்தை 145 துண்டுகளாக்குகிறது. நடுத்துண்டே 10 டிகிரி அகலம். அரை டிகிரிச் சூரியன் அதில் 350 மடங்கு நீர்த்துப்போகும். அறையின் சராசரி வெளிச்சத்துக்குச் சரி, கண்கூச்சத்துக்குத் தவறு.

கட்டி முடித்தபின் எதிர்ச் சுவரில் விழும் திட்டு நம் படத்தைப் போல் நேர்த்தியான செவ்வகமாக இல்லையே?

மென்பொருளில் உள்ள கண்ணாடி குற்றமற்ற தட்டை, நிஜத்தில் அப்படி ஒன்று இல்லை. இரட்டைக் கண்ணாடிப் பலகையின் நடுவே அடைபட்ட காற்று வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப உப்பும், சுருங்கும். சுருங்கிய கண்ணாடி உட்குழிந்து, எதிர்ச் சுவரில் சிலுவை போலவோ வளையம் போலவோ ஒளியைக் குவிக்கும். வலுவூட்டிய கண்ணாடியில் உருளைகள் விட்ட அலையும் சேரும். சராசரிக்குப் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் எதிரே வெப்பத்தில் இளகும் பிளாஸ்டிக் உறை போட்ட சுவர் இருந்தால், நடுவில் 1 முதல் 2 மி.மீ. உள்வாங்கிய பலகை ஒன்றை மெஷ்ஷாக வரைந்து ஃபோட்டான் மேப்பில் தனியாக ஓட்டிப் பாருங்கள்.